இடைத்தரகர் ஒழிந்தால் இழப்பு யார் தலையில்?

வாசகர் ஒருவர், 2025 செப்டம்பர் 13

வங்கி என்ற ஒன்று இன்னும் எத்தனை நாளைக்கு? பணம் நொடியில் போய்ச் சேருகிறது. கடன் தரலாமா என்பதை இயந்திரமே முடிவு செய்கிறது. வரவுசெலவு எழுதும் பேரேட்டை, பல கணினிகள் பகிர்ந்து பராமரிக்கும் பிளாக்செயின் வைத்துக்கொள்கிறது. நடுவில் உட்கார்ந்து கட்டணம் வாங்கும் இடைத்தரகர்களுக்கு இனி வேலை இல்லை என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

செப்டம்பர் 13, இரவு

மேலே எழுதிய வாசகரின் வாதத்தை நான் மறுக்கிறேன். நடுவில் இருப்பவர் பணத்தைச் சுமந்து செல்வதற்கு மட்டும் கட்டணம் வாங்குவதில்லை. தவறு நடந்தால் இழப்பைத் தாங்குகிறார்; தாங்க மறுத்தால் வழக்குப் போட ஒரு முகவரியாகவாவது இருக்கிறார். சுமக்கும் வேலையைத் தொழில்நுட்பம் ஏறக்குறைய இலவசமாக்கிவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. தாங்கும் வேலை மட்டும் மறையவில்லை. அது சத்தமில்லாமல் இடம் மாறுகிறது, பெரும்பாலும் வாடிக்கையாளரின் தலைக்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வங்கி ஒன்றில் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். எங்கள் பேரேடு ஒன்று சொல்லும், எதிர்த்தரப்பு வங்கியின் பேரேடு வேறொன்று சொல்லும். வித்தியாசம் எங்கே என்று தேடுவதுதான் எங்கள் நாள். கணினிகள் வந்து தேடும் நேரத்தைக் குறைத்தன. ஆனால் வித்தியாசத்தைக் கண்டுபிடித்த பிறகு ‘இது யார் செலவில்?’ என்று ஒரு கேள்வி வரும். அதற்கு எந்தக் கணினியும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 14

‘ஸ்டேபிள்காயினுக்கு எந்த வங்கி வேண்டும்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

2023 மார்ச் மாதத்தைப் பாருங்கள். யுஎஸ்டிசி என்பது ஒன்றுக்கு ஒரு டாலர் என்ற உறுதியோடு புழங்கும் ஸ்டேபிள்காயின், அதாவது விலை மாறாமல் இருக்க வேண்டிய மின்னணு நாணயம். அதன் கையிருப்பில் 330 கோடி டாலர் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் கிடந்தது. மார்ச் 10ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. மறுநாள் அந்த நாணயம் 88 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. வங்கியின் வைப்புத்தொகை முழுவதும் பாதுகாக்கப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்த பிறகுதான் அது பழைய விலைக்குத் திரும்பியது. வங்கிக்கு மாற்று என்று விற்கப்பட்ட பணத்தைக் கரையேற்றியது, ஒரு வங்கிக்காக அரசு கொடுத்த வாக்கு.

கையிருப்பு டாலரே இல்லாமல், நிரலின் கணக்கை மட்டும் நம்பி ஓடிய டெர்ராயுஎஸ்டி என்ற இன்னொரு ஸ்டேபிள்காயின் 2022 மே மாதம் சில நாட்களுக்குள் சரிந்தது. அதில் போட்டவர்களுக்குப் பதில் சொல்ல எந்த அரசும் முன்வரவில்லை.

செப்டம்பர் 16

பிளாக்செயின் பேரேட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை, விற்ற பங்கும் அதற்கான பணமும் கைமாறுவதை முடித்துவைக்கும் தன் பழைய தீர்வு முறையைத் தூக்கிவிட்டுப் பகிர்ந்த பேரேட்டில் ஓடும் புதிய முறையைக் கொண்டுவருவதாக 2017 டிசம்பரில் அறிவித்தது. அன்று எங்கள் பிரிவில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம். எல்லாத் தரப்பும் ஒரே பேரேட்டைப் பார்த்தால் ஒப்பிட என்ன மிஞ்சும்? எங்கள் வேலையே போய்விடும் என்று சிலர் பயந்தார்கள். தேதிகள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன. 2022 நவம்பரில் திட்டத்தை நிறுத்தி, ஏறக்குறைய 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை இழப்பாக எழுதித் தள்ளினார்கள்.

தொழில்நுட்பம் மோசம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டவில்லை. பங்குத் தீர்வு என்ற வேலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தரகு நிறுவனம் காலையில் நூறு பங்கு வாங்குகிறது, மதியம் தொண்ணூறு விற்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் அந்தந்த நொடியிலேயே முடிப்பதானால், நூறு பங்குக்கான பணத்தையும் காலையிலேயே கையில் வைத்திருக்க வேண்டும். நாள் முடிவில் கழித்துப் பார்த்தால் பத்து பங்குக்கான பணம் போதும். இப்படிக் கழித்து நிகரத்தை மட்டும் தீர்ப்பதால்தான் சந்தைகள் குறைந்த பணத்தில் பெரிய வணிகத்தைச் சுமக்கின்றன. நடுவில் நிற்கும் தீர்வகம் வாங்குபவருக்கு விற்பவராகவும், விற்பவருக்கு வாங்குபவராகவும் தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஒருவர் முறிந்தால் மற்றவர் அடிபடாமல் இருப்பது அதனால்தான்.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்கா 2024 மே 28 முதல் இரண்டு நாள் தீர்வை ஒரு நாளாகக் குறைத்தது. முடிவடையாத பரிவர்த்தனைகள் ஒரு நாள் குறைவாகத் தொங்குகின்றன. அபாயமும் அந்த அளவு குறைகிறது. நல்ல மாற்றம். ஆனால் ஒரு நாளிலிருந்து ஒரு நொடிக்குப் போவது அதே பாதையில் இன்னும் ஓர் அடி என்று நினைக்கக் கூடாது. நிகரம் கழிக்கும் வசதியே அங்கே போய்விடுகிறது. பணத்தை முன்கூட்டியே கட்டி வைக்கும் செலவு தரகரிடம் தொடங்கிக் கடைசியில் முதலீட்டாளரிடம் வந்து சேரும்.

செப்டம்பர் 21

உடனடிப் பணப் பரிமாற்றத்தைப் பற்றிக் கேட்டவருக்கு.

இந்தியாவில் 2016இல் யுபிஐ, பிரேசிலில் 2020 நவம்பரில் பிக்ஸ். இரண்டும் சாதாரண மனிதருக்குக் கிடைத்த பெரிய நன்மை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. காசோலை தீர நாள்கணக்கில் காத்திருந்த சிறு வணிகர்களின் புகார்க் கடிதங்களைப் படித்தவன் நான். அந்தக் காத்திருப்பு அவர்களுக்கு வட்டி, சில சமயம் கடையையே மூட வைக்கும் வட்டி.

பணம் நொடியில் போனால் ஏமாற்றிப் பறித்த பணமும் நொடியில் போகும் என்பதும் உண்மை. வழியில் நிறுத்திவைக்க இடமே இல்லை. பிரேசிலில் ஆட்களைக் கடத்தி வைத்து, அவர்கள் கைபேசியிலிருந்தே பணத்தை மாற்றச் செய்யும் குற்றங்கள் பெருகின. மத்திய வங்கி 2021 அக்டோபரில் இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை தனிநபர்கள் அனுப்பும் தொகைக்கு ஆயிரம் ரெயால் (பிரேசில் நாணயம்) என்று வரம்பு வைத்தது. தானே கட்டிய வேகத்துக்குத் தானே தடை போட்டது. அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. மோசடிக்காரரை நம்பி வாடிக்கையாளர் தானாகவே பணத்தை அனுப்பிவிட்டாலும், 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் நடப்பில் இருக்கிறது. அனுப்பிய நிறுவனம் பாதி, பெற்ற நிறுவனம் பாதி. அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். மோசடிப் பணம் வந்து இறங்கும் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கிக்கு முன்பெல்லாம் பெரும்பாலும் நட்டம் கிடையாது. ஆள் யார் என்று சரியாகப் பார்க்காமல் கணக்குத் திறந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இப்போது அதன் சொந்தப் பணமும் போகிறது. புதிய கருவி எதுவும் இல்லாமல், இழப்பு விழும் இடத்தை மாற்றியதிலேயே நடத்தை மாறத் தொடங்கும்.

செப்டம்பர் 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் மெதுவாகப் போவதே பாதுகாப்பு’ என்று சிலர் முடிவு கட்டியிருக்கிறார்கள். அப்படி இல்லை.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பெயரில், அது கணக்கு வைத்திருந்த நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்குப் போலி உத்தரவுகள் அனுப்பினார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பீன்ஸுக்குப் போய்விட்டது. திருடர்கள் நாளைத் தேர்ந்தெடுத்தார்கள் பாருங்கள். வியாழன் இரவு. டாக்காவில் வெள்ளி விடுமுறை. அங்கே அலுவலகம் திறக்கும்போது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் எடுக்க மாட்டார். இங்கே குற்றவாளிகளுக்கு உதவியது மூடிய கதவுகள். இரவு பகலாக இயங்கும் முறை இருந்து, இரவு பகலாக முடிவெடுக்க அதிகாரம் உள்ள மனிதரும் இருந்திருந்தால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி நின்றிருக்கும்.

வேகம் கூடினால் பொறுப்பாளரும் அதே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். பணம் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடி, புகார் எண் மட்டும் அலுவலக நேரத்தில் எடுக்கப்படுகிறது என்றால் அந்த நிறுவனம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. 2023 மார்ச் 9ஆம் தேதி ஒரே நாளில் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து 4,200 கோடி டாலரை எடுக்க உத்தரவுகள் வந்தன. 2008இல் வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியிலிருந்து ஒன்றரை வாரத்தில் போனது சுமார் 1,670 கோடி. வைப்பாளர் கைபேசியில் செயல்படுகிறார், கண்காணிப்பு அதிகாரியோ கூட்டத்துக்குத் தேதி குறித்துக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 28

சொந்த அனுபவம் ஒன்று. இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

என் அம்மாவின் கணக்கை மோசடி கண்டறியும் மென்பொருள் முடக்கிவிட்டது. அவர் மருத்துவமனையில் இருந்தார். வழக்கமாக மாதம் ஓரிரு முறை சிறு தொகை எடுப்பவர், திடீரென்று தினமும் பெரிய தொகையைச் செலுத்துகிறார். வடிவம் மாறியது; இயந்திரம் கதவைச் சாத்தியது. மென்பொருளின் பக்கமிருந்து பார்த்தால் அது செய்ததில் பிழை சொல்ல மாட்டேன். முதியவரின் கணக்கில் திடீர்ச் செலவு என்றால் அது மோசடியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகு நடந்ததில்தான். செயலியில் இருந்த உரையாடல் பொறி ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தந்தது. தொலைபேசியில் பேசிய பெண் மிகவும் அன்பாகப் பேசினார். அவருக்கு முடக்கத்தை நீக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள பிரிவுக்கு எழுதுகிறேன் என்றார். அந்தப் பிரிவின் எண்ணைக் கேட்டேன். வாடிக்கையாளருக்குத் தர எண் இல்லை என்றார். அம்மா, ‘என் பணம்தானே, நான் தப்பு செய்துவிட்டேனா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கையிலிருந்ததை வைத்துச் சமாளித்தேன். சமாளிக்க மகன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இந்த மாதிரி மென்பொருளுக்கு இரண்டு விதப் பிழை உண்டு. திருட்டை விட்டுவிடுவது ஒன்று, நேர்மையானவரைத் தடுப்பது இன்னொன்று. முதல் பிழை வங்கியின் நட்டக் கணக்கில் பதிவாகிறது. இரண்டாவது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, அம்மா மாதிரி ஒருவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தாங்கிக்கொள்கிறார். பதிவாகாத பிழையை எந்த நிறுவனமும் தானாகக் குறைக்காது.

செப்டம்பர் 29

விசாரித்தவர்களுக்கு நன்றி. அம்மா வீடு திரும்பிவிட்டார். கணக்கும் திறந்தது.

அக்டோபர் 3

கடன் மதிப்பெண்ணுக்கு வருவோம்; ஒருவர் கடனைத் திருப்பித் தருவாரா என்று கணித்து மென்பொருள் தரும் எண் அது. ‘இயந்திரத்துக்குப் பாரபட்சம் கிடையாது, கிளை மேலாளருக்குத்தான் உண்டு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. சாதி, உறவு, முகம் பார்த்துக் கடன் கொடுத்த மேலாளர்களை நானும் அறிவேன். வங்கிக்கே வந்திராத மனிதருக்கு, கட்டணங்களை ஒழுங்காகச் செலுத்திய வரலாற்றைப் பார்த்து ஒரு மென்பொருள் கடன் தருகிறது என்றால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் மேலாளரிடம் ‘ஏன் இல்லை?’ என்று கேட்கலாம். பொய்யாவது சொல்வார், அந்தப் பொய்யை மேலிடத்தில் மறுக்கலாம். மதிப்பெண்ணிடம் எதை மறுப்பது? சில காலம் புகார்ப் பிரிவிலும் இருந்தேன். மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஒன்று மேசைக்கு வந்தது. வருமானம் சரி, பழைய கடன்கள் அடைந்திருந்தன. மதிப்பெண் மட்டும் தரையில் கிடந்தது. மென்பொருள் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டால் ‘எடைகள் எங்கள் வணிக இரகசியம்’ என்றார்கள். கடைசியில் தேடிப் பிடித்தோம்: அதே பெயர் கொண்ட இன்னொருவரின் நிலுவைகள் இவர் வரலாற்றில் கலந்திருந்தன. ஒரு பார்வையில் மனிதக் கண்ணுக்குத் தெரியக்கூடியது. பார்க்கும்படி யாரையும் நியமிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 7ஆம் தேதி தந்த தீர்ப்பை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். கடன் மதிப்பெண் கணக்கிட்டுத் தரும் ஜெர்மனியின் ஷுஃபா நிறுவனம், ‘நாங்கள் எண்ணைத்தான் தருகிறோம், கடனை மறுப்பது வங்கி’ என்று வாதிட்டது. வங்கியோ எண்ணைப் பார்த்து மறுத்தது. இருவருக்கும் நடுவில் விண்ணப்பதாரர் நின்றார். வங்கியின் முடிவு அந்த எண்ணையே பெரிதும் சார்ந்திருக்குமானால், எண்ணை உருவாக்குவதே தானியங்கி முடிவுதான் என்றது நீதிமன்றம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய முடிவுகளுக்கு உள்ள கட்டுப்பாடுகள் எண் தயாரிப்பவருக்கும் வந்து சேர்ந்தன. 2024இல் வந்த ஐரோப்பிய செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் தனிநபர் கடன் மதிப்பீட்டை உயர் அபாயப் பட்டியலில் வைத்திருக்கிறது.

அக்டோபர் 9

இன்று முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும் முன், பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும். இலவசமாக. உலகெங்கும் இது வர வேண்டும். ஓர் இலக்கம் மாறித் தவறான கணக்குக்குப் போன பணத்தைத் திரும்பப் பெற மக்கள் பட்ட பாட்டை என் பழைய மேசை அறியும்.

அக்டோபர் 12

‘நான் வங்கியில் வைக்கவில்லை, செயலியில் வைத்திருக்கிறேன், காப்பீடு உண்டு என்று முகப்பிலேயே போட்டிருக்கிறது’ என்கிறார் ஒருவர். நண்பரே, தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

அமெரிக்காவில் சினாப்ஸ் என்றொரு நிறுவனம். முன்னால் அழகான செயலிகள், பின்னால் உண்மையான வங்கிகள். நடுவில் யாருடைய பணம் எவ்வளவு என்று பேரேடு எழுதுவது சினாப்ஸ். வங்கியைப் பொறுத்தவரை பலருடைய பணம் சேர்ந்த பெரிய குவியல்தான் அதற்குத் தெரியும். 2024 ஏப்ரலில் சினாப்ஸ் திவால் மனு கொடுத்தது. அதன் பேரேட்டில் உள்ள தொகையும் வங்கிகளில் இருந்த தொகையும் பொருந்தவில்லை. 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை குறைவு என்று நீதிமன்றம் நியமித்த அறங்காவலர் கணக்குச் சொன்னார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் சேமிப்பைத் தொட முடியாமல் நின்றார்கள். வைப்புக் காப்பீடு? அது வங்கி முறிந்தால் வருவது. இங்கே எந்த வங்கியும் முறியவில்லை, நடுவிலிருந்த நிறுவனம்தான் முறிந்தது.

அன்றாடம் இரு பேரேடுகளையும் ஒப்பிடும் சலிப்பான வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் முதல் வாரத்திலேயே குறைவு தெரிந்திருக்கும். என் வாழ்நாள் வேலை அது என்பதால் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது என்று சொல்லலாம். வலிக்கட்டும். அந்தச் சேமிப்புகளில் வீடு வாங்க வைத்திருந்த பணம் இருந்தது.

முதலில் எழுதிய வாசகரின் வாதத்துக்கும் இது பதில். இடைத்தரகர் ஒழியவில்லை. செயலிக்கும் வங்கிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத புதியவர் ஒருவர் சேர்ந்துகொண்டார்.

அக்டோபர் 21

நேற்று, பிற நிறுவனங்களுக்கு இணையவழி கணினிகளை வாடகைக்குத் தரும் அமேசானின் மேகக் கணிமைச் சேவை அமெரிக்காவின் வர்ஜீனியா வட்டாரத்தில் முடங்கியது. பிரிட்டிஷ் வங்கிகளின் செயலிகள், பணம் அனுப்பும் செயலிகள், கிரிப்டோ சந்தை என்று ஒரே நேரத்தில் பலவும் தடுமாறின. கடலுக்கு அப்பால் ஒரு வட்டாரத்தில் கோளாறு, பிரிட்டனில் ஒருவரால் தன் கணக்கிருப்பைப் பார்க்க முடியவில்லை. வங்கிகள் தனித்தனி, அவை நிற்கும் தரை ஒன்று. மாற்று ஏற்பாடு வைத்திருந்தால் செலவு அதிகம், வைக்காவிட்டால் அந்த ஒரு நாள் வாடிக்கையாளருக்கு இருட்டு. எது மலிவு என்று முடிவெடுத்தவர் அந்த இருட்டில் இருக்கவில்லை.

நவம்பர் 1

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த முடக்கத்துக்கான விளக்கத்தை அமேசான் வெளியிட்டது: இணைய முகவரிப் பதிவுகளைப் புதுப்பிக்கும் இரு தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று முந்த, முகவரி காலியாகிவிட்டது. கடைசியில் மனிதர்கள் கைவைத்துத்தான் சரிசெய்தார்கள்.

2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி நைட் கேபிடல் தரகு நிறுவனத்திலும் இதே வகைக் கதை. எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரலை ஏற்றினார்கள். எட்டாவதில் கைவிடப்பட்ட பழைய நிரல் விழித்துக்கொண்டது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலர் போயிற்று. நிறுத்து என்று சொல்லும் அதிகாரமும், எதை நிறுத்த வேண்டும் என்ற அறிவும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் இழப்பு எங்கோ நின்றிருக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் பணம் அனுப்பும் உரிமையையே கொடுக்கப் பார்க்கிறார்கள். கொடுக்கட்டும். நிறுத்தும் பொத்தான் யாரிடம் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதட்டும்.

நவம்பர் 2

‘இவ்வளவு குறை சொல்கிறீர்களே, உங்களுக்குப் பிடித்த ஒன்றாவது உண்டா?’ என்று முதல் வாசகரே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

உண்டு. 2007இல் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை. சாதாரணக் கைபேசி, குறுஞ்செய்தி, தெருவுக்குத் தெரு முகவர். கண்ணைக் கவரும் தொழில்நுட்பம் எதுவும் அதில் இல்லை. பணத்தைக் கையில் வாங்கி எண்ணுவதற்கு ஒரு மனிதர் இருக்கிறார்; சிக்கல் என்றால் அவர் முன்னால் போய் நிற்கலாம். அதைவிட முக்கியமானது பின்னால் இருக்கும் ஏற்பாடு. வாடிக்கையாளர்களின் பணம் நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலப்பதில்லை. அறக்கட்டளைப் பெயரில் வணிக வங்கிகளில் தனியாக இருக்கிறது. நிறுவனத்துக்கு எது நேர்ந்தாலும் அதற்குக் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தில் கைவைக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள்.

நீங்கள் பயன்படுத்தும் செயலியின் விதிமுறைப் பக்கத்தில், உங்கள் பணம் எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். எழுதியிருந்தால் அந்த வரியை அப்படியே எடுத்துப் போடுங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.